கடைசி வரிசைக்குக் கேட்ட குரல்

ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவே, காவிரிக் கரையில் இருக்கிறது கொடுமுடி. மகுடேசுவரர் கோயிலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் வருகிறவர்களே இன்று அந்த நிலையத்தில் அதிகம் இறங்குகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தத் தடத்தில் ஓடிய கரிவண்டிகளில் ஒரு சிறுமி பாடிக் காசு வாங்கினாள். தகப்பன் துணை இல்லாத வீடு. தாய் பாலாம்பாள் பிள்ளைகளோடு கொடுமுடியில் தன் சகோதரனை அண்டி வாழ்ந்தார். 1908இல் பிறந்த அந்தச் சிறுமிதான் கே.பி.சுந்தராம்பாள். அந்த முதலெழுத்துகளில் கே. ஊரின் பெயர், பி. தாயின் பெயர். தாயின் பெயரைத் தலையில் தாங்கிக் கையெழுத்திடும் பிள்ளைகளை இன்று பள்ளிகளில் பார்க்கிறோம். அன்று அது தகப்பன் இல்லை என்பதை ஊருக்கு அறிவிக்கும் அடையாளம். அவர் அதை மறைக்கவில்லை, கடைசிவரை மாற்றவும் இல்லை.

அந்தத் தடம் இப்போது மின்மயம். ரயில் பெட்டியில் பாடுகிறவர்கள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. கழுத்தில் சின்ன ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டு, பதிவு செய்த பின்னணி இசைக்குப் பாடியபடி நடக்கிறார்கள். ரயில்வே சட்டத்தின் 144ஆம் பிரிவு பெட்டியில் கையேந்துவதை அனுமதிப்பதில்லை என்பதால், காவலர் வந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுகிறார்கள். எப்போதாவது ஒரு பயணியின் கைப்பேசி இவர்களில் ஒருவரை உலகுக்குக் காட்டுகிறது. 2019இல் மேற்கு வங்கத்தின் ராணாகாட் நிலையத்தில் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண் அப்படித்தான் சில நாட்களில் நாடறிந்தவரானார், சில வாரங்களில் இந்திப் படத்திலும் பாடினார். அதன் பிறகு அவரைப் பற்றிய பேச்சு குறைந்துகொண்டே போனது.

சுந்தராம்பாளை ரயிலில் கேட்டவர்களிடம் கைப்பேசி இல்லை. அவர்களுக்குத் தெரிந்த வழி நாடகக் கம்பெனி. கும்பகோணத்தில் இருந்த வேலு நாயர் கம்பெனியில் சிறுமியைச் சேர்த்துவிட்டார்கள். முதலில் கிடைத்தது 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பிள்ளை வேடம். பசியை நடித்துக் காட்ட அவருக்கு யாரும் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கத் தேவையில்லை. பாட்டுக்கும் வசனத்துக்கும் தாளத்துக்கும்தான் பாடம் வேண்டியிருந்தது, அது ஆண்டுக்கணக்கில் நடந்தது. ராணாகாட் பெண்ணுக்குச் சில நாட்களில் வந்த புகழ் இவருக்கு வர ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஆயின. வந்தபின் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் போகவே இல்லை. கம்பெனி வாழ்க்கையைப் பொற்காலமாக எழுதுவது எனக்கு ஒப்பாது. பிள்ளைகளை வேலை வாங்கிய இடம் அது. அடி உண்டு, பட்டினி உண்டு, கூலி பெரும்பாலும் சோறுதான். இன்று அந்த வயதுப் பிள்ளையை இரவு முழுதும் மேடையில் நிறுத்தினால் குழந்தைத் தொழிலாளர் சட்டம் கேள்வி கேட்கும், கேட்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கொடுமையான பள்ளிக்கூடம் தயாரித்த குரலைத் தயாரிக்க வேறு பள்ளிக்கூடம் இதுவரை அமையவில்லை.

அந்தக் குரல் எதற்காக அப்படி உருவானது என்பதை அன்றைய கொட்டகையைக் கொண்டுதான் புரிந்துகொள்ள முடியும். கீற்றோ தகரமோ வேய்ந்த கூரை, மூங்கில் தடுப்பு, முன்னே நாற்காலி, நடுவே பெஞ்சு, பின்னே தரை. காஸ் விளக்குகளின் இரைச்சல் ஒருபுறம், தரை டிக்கெட்டில் குழந்தைகளின் அழுகையும் சோடா விற்பவனின் கூவலும் மறுபுறம். மைக் கிடையாது. ஆர்மோனியமும் மிருதங்கமும் பின்பாட்டும் சேர்ந்து எழுப்பும் ஒலிக்கு மேலே ஏறி நின்றால்தான் பாட்டு தரை டிக்கெட்டுக்குப் போகும். காசு அதிகம் கொடுத்தவன் முன்னால் இருந்தான், கூட்டம் பின்னால் இருந்தது. நாடகம் பிழைப்பது பின்னால் இருப்பவனால்தான். ஆகவே நடிகையின் தொண்டை கடைசி வரிசையை அளந்துதான் பழகியது. அந்த உயரத்திலும் சொல் சிதையக் கூடாது. சுந்தராம்பாளின் பழைய பதிவுகளைக் கேட்கிறவர்கள் கவனிக்கலாம்: எவ்வளவு மேலே போனாலும் றகரமும் ரகரமும் ளகரமும் தனித்தனியாக விழும். இராகத்துக்காக எழுத்தைக் கரைத்துவிடும் பழக்கம் அவருக்கு இல்லை.

இன்றைய பாடகி அடைக்கப்பட்ட அறையில், வாய்க்கு நான்கு விரற்கடை தூரத்தில் மைக்கை வைத்துக்கொண்டு, காதோடு பேசுவதைப் போலப் பாடலாம். மூச்சும் ஒரு நகாசாகிறது. இது குறைவான கலை என்று நான் சொல்லமாட்டேன். கொட்டகையில் அந்த மெல்லிய குரலுக்கு இடமே இருந்திருக்காது. எத்தனையோ மென்குரல்கள் அன்று வெளியே வராமலே போயிருக்கும். சுருதி பிசகினால் கணினி திருத்துகிறது, ஒரே வரியைப் பத்து முறை பாடி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். அன்று ஒரே முறைதான். கேட்பவன் அடுத்த வரியைக் கேட்க உட்கார்ந்திருப்பதும், எழுந்து போவதும் அந்த ஒரு முறையில் தீர்மானமாகிவிடும்.

ஸ்பெஷல் நாடகம் என்றொரு முறை அன்று உச்சத்தில் இருந்தது. கம்பெனியாக இல்லாமல், நாயகனான ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் நாயகியான ஸ்திரீபார்ட்டை இன்னோர் ஊரிலிருந்தும் பபூனை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி வரவழைத்து, ஒத்திகை இல்லாமல் ஓர் இரவு நாடகம் நடத்துவார்கள். எல்லோருக்கும் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடம் மனப்பாடம் என்பதால் இது நடந்தது. வள்ளியும் வேலனும் எதிரெதிரே நின்று தர்க்கம் செய்யும் இடத்தில் யார் எந்த இராகத்தை எடுப்பார், எவ்வளவு நேரம் இழுப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஜனங்கள் கதைக்காக வரவில்லை, அந்த மோதலுக்காகத்தான் வந்தார்கள்.

அப்படியொரு மோதலுக்குத்தான் 1926இல் கொழும்பில் மேடை அமைந்தது. எதிரே நின்றவர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. அவருக்கு அப்போது இருபது வயது, சுந்தராம்பாளுக்கு அதைவிட இரண்டு குறைவு. கிட்டப்பாவின் குரலுக்கு முன்னால் நிற்க முடியாது என்று பலரும் பயமுறுத்தியிருந்தார்களாம். நின்றார். அதன் பிறகு அந்த இருவரையும் பிரித்துக் கேட்க ஜனங்கள் விரும்பவில்லை.

தமிழ்நாட்டு நாடகக் கலைஞர்களுக்கு அந்நாளில் இலங்கை வெளிநாடாகத் தோன்றவில்லை. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுபடி ரயில், காலையில் கொழும்பு. 1914இல் தொடங்கிய இந்தப் பாதையில் நாடகக் கம்பெனிகள் படுதாச் சுருள்களோடு போய்வந்தன. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைத் தின்றது, ரயில் பாதையும் போயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் மீண்டும் புறப்பட்டது. கடவுச்சீட்டோடு போகலாம். ஒரு நாடகத்தைக் கேட்பதற்காக ஒரு நடிகையை அக்கரையிலிருந்து வரவழைக்கும் கொட்டகைதான் எந்தக் கரையிலும் இல்லை.

1927இல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். அன்று சட்டத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இந்து ஆணின் இரண்டாம் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949இலும் நாடு முழுவதுக்கும் 1955இலும்தான் வந்தது. ஆட்சேபம் இருந்தது குடும்பத்துக்குள்ளும் ஊர்வாயிலும். அவர் அந்தணர், இவர் கூத்தாடி. அவர் மேடையிலிருந்து இறங்கினால் கிட்டப்பா ஐயர், இவர் இறங்கினாலும் கூத்தாடிதான். மணவாழ்க்கை ஆறு ஆண்டுகள். அதிலும் பிணக்கும் பிரிவும் பாதி. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். அவருக்கு இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் பிறகு மாற்றவில்லை. எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். இதை அவருடைய தியாகமாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. இரண்டாம் தாரமாக வந்த நாடகக்காரிக்கு மனைவி என்ற இடத்தை ஊர் முழுமனதோடு தந்திருக்காது. விதவை என்ற இடத்தை அவர் தாமே எடுத்துக்கொண்டார், எடுத்துக்கொண்டதை யாராலும் மறுக்க முடியவில்லை. வாழ்ந்தபோது ஊர் தயங்கியதை வெள்ளைச் சேலை வாங்கித் தந்தது. விலை மிக அதிகம்: நாற்பத்தேழு ஆண்டுகள்.

இன்றைய நடிகையிடம் யாரும் அந்த விலையைக் கேட்பதில்லை. திருமணமும் மணமுறிவும் மறுமணமும் செய்தியாகின்றன, சிலநாள் வம்பாகின்றன, பிறகு அடுத்த படம் வருகிறது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு ஜோதிகா '36 வயதினிலே' படத்தின் மூலம் திரும்பியபோது, அந்த வயதையே தலைப்பில் வைத்து 2015இல் வெளியிட்டார்கள். இருபத்தைந்து வயதில் நாயகி வேடத்தைத் துறந்தவரின் காலத்தோடு இதை ஒப்பிட்டால், கிடைத்திருப்பது சிறிய லாபமல்ல.

துறந்தவரை சினிமா விடவில்லை. பேசும்படம் தமிழுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடக மேடையில் பெயரெடுத்த குரல்களைத் தேடித்தான் பட முதலாளிகள் அலைந்தார்கள், ஏனென்றால் நடிக்கிறவரே பாடவேண்டும். காமிரா ஓடும்போதே பாட்டும் பதிவாகும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கி நின்று வாசிப்பார்கள். 'பக்த நந்தனார்' எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதற்காகச் சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்றும், அவர்கள் சரி என்றுவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். அவர் லட்ச ரூபாய் வாங்கினார் என்பது அக்காலத்தில் நாடெங்கும் பேசப்பட்ட செய்தி. 1935இல் ஒரு தோலா தங்கம் ஏறத்தாழ முப்பத்தைந்து ரூபாய். அந்தக் கணக்கில் அது முப்பது கிலோவுக்குக் குறையாத தங்கம், இன்றைய விலையில் இருபது கோடிக்கு மேல். தமிழ்ப் படத்தில் ஒரு நடிகை தனியாக நின்று அந்த அளவு ஊதியம் கேட்டால் இன்றும் புருவங்கள் உயரும். கதாநாயகனுக்கு அதைவிடப் பலமடங்கு கொடுக்கும்போது யாருடைய புருவமும் அசைவதில்லை. இந்த ஒரு கணக்கில் மட்டும் 1935 நமக்கு முன்னால் நிற்கிறது.

படத்தில் சுந்தராம்பாள் நந்தன் என்ற ஆணாக நடித்தார். வேதியராக வந்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். கல்கி 'ஆனந்த விகட'னில் எழுதிய விமர்சனத்தில், படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமைக்கன்றும் ஆடும்தான் என்ற தோரணையில் கேலி செய்தார். கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. கடைசி வரிசைக்காகப் பழகிய கையும் முகமும் காமிராவுக்கு அருகில் அதிகமாகத்தான் தெரிந்திருக்கும். சினிமாவில் முதல் வரிசை மட்டுமே உண்டு. எல்லோரும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையிலிருந்து வந்த தலைமுறை இதைக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன.

அவருடைய வேடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். 1935இல் நந்தனார், ஆண். 1940இல் மணிமேகலை, துறவி. 1953இல் ஜெமினியின் 'ஔவையார்', கிழவி. 1964இல் 'பூம்புகா'ரில் கவுந்தி அடிகள், சமணத் துறவி. 1965இல் 'திருவிளையாட'லில் மறுபடியும் ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். ஔவை இளமை வேண்டாம் என்று முதுமையை வரமாகக் கேட்டவள் என்பது கதை. அம்மையார் அழகு வேண்டாம் என்று பேயுருவைக் கேட்டவர். பெண்ணுடம்பைக் கழற்றி வைத்தவர்களின் வரிசை இது. தமிழ்ச் சினிமாவின் மிகப் பெரிய குரலுக்கு, ஒரு பெண்ணாக ஒருவனை விரும்பிப் பாடும் காட்சி திரையில் ஒன்றுகூட அமையவில்லை. கிட்டப்பாவோடு வள்ளியாக நின்ற மேடைகளில் அதை அவர் பாடியிருக்கிறார். அது படமாகவில்லை, சில இசைத்தட்டுகளும் கண்டவர்களின் நினைவும் மட்டுமே அதற்குச் சாட்சி. கண்டவர்கள் இப்போது இல்லை.

'ஔவையார்' படத்தில் அவர் கிழவியானபோது வயது நாற்பத்தைந்துகூட நிறையவில்லை. ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசன் பல ஆண்டுகள் செலவிட்டு எடுத்த படம். யானைக் கூட்டம் கோட்டையை இடிக்கும் காட்சிக்காகவே ஊர் ஊராகக் கூட்டம் போயிற்று. அதே ஔவையை அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு நாடக மேடையில் வாழ்ந்து காட்டியவர் டி.கே.சண்முகம், ஓர் ஆண். அந்த வேடத்தால் 'ஔவை' அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. சென்னையின் லாயிட்ஸ் ரோடுக்குப் பின்னாளில் அந்தப் பெயரே வந்தது. ஆண் பெண்ணாவதும் பெண் ஆணாவதும் அன்றைய பார்வையாளருக்கு விந்தையாக இல்லை. ஸ்திரீபார்ட் என்பதே முதலில் பையன்கள் போட்ட வேடம்தான். சிறுவனாயிருந்த கிட்டப்பாவும் அதைப் போட்டிருக்கிறார். 1996இல் 'அவ்வை சண்முகி' வந்தபோது, கிழவி வேடமிட்ட ஆண் நகைச்சுவைப் பொருளாகியிருந்தான். படத்தின் பெயர் சண்முகத்துக்கு வணக்கம் சொன்னது. கொட்டகையோ சிரித்தது. அந்த மாறுவேடத்தில் முன்பு இருந்த பக்தி எப்போது சிரிப்பாக மாறியது என்று தேதி குறிக்க முடியவில்லை.

அரசியல் மேடைக்கும் அவர் குரல் போயிற்று. தீரர் சத்தியமூர்த்தியின் அழைப்பில் காங்கிரசுக்காகப் பாடினார், 1937 தேர்தலில் ஊர் ஊராகச் சென்றார். 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் காவல்துறையின் கையில் இருந்த காலம் அது. மேடையில் பாடத் தடை விழுந்தால் அதே பாட்டு இசைத்தட்டில் போகும். நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். ஒரு விருத்தத்தைக் கால் மணி நேரம் விரித்தவர், அதை மூன்று நிமிடத்துக்குள் மடக்கக் கற்றுக்கொண்டார். இன்று தட்டும் இல்லை, மூன்று நிமிடக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் முப்பது விநாடிக் காணொளிக்குப் பழகிய விரல்களுக்கு அந்த மூன்று நிமிடமே நீளமாகத் தெரிகிறது. நாடகப் பிரதியைக் காவல் நிலையத்தில் காட்டி அனுமதி வாங்கவேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம், விடுதலைக்குப் பிறகு 1954இல் புதிதாக எழுதப்பட்டது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

1950களில் சுந்தராம்பாள் சட்டமேலவை உறுப்பினரானார். இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் திரைக்கலைஞர் அவரே என்று சொல்லப்படுகிறது. ரயிலில் பாடிய சிறுமி கோட்டைக்குப் போனார் என்பதை அன்றைய பத்திரிகைகள் விந்தையாகப் பார்த்திருக்கும். பிறகு திரையிலிருந்து கோட்டைக்குப் போவது தமிழ்நாட்டில் விந்தையே இல்லாமல் போயிற்று. முதலமைச்சர்களே அங்கிருந்து வந்தார்கள். அவர் உட்கார்ந்த மேலவைதான் இல்லை. 1986இல் இன்னொரு நடிகையை அதில் நியமிக்க எடுத்த முயற்சி சர்ச்சையில் முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் முதல் தேதி மேலவை கலைந்தது. இரண்டையும் சேர்த்தே அன்று பேசினார்கள். அதைத் திரும்பக் கொண்டுவர 2010இல் சட்டம்வரை போயும் நடக்கவில்லை.

'பூம்புகார்' பற்றி ஒரு சொல். திரைக்கதை வசனம் மு.கருணாநிதி. பழுத்த முருக பக்தையும் காங்கிரஸ்காரருமான ஒருவர், பகுத்தறிவாளர் எழுதிய படத்தில், சமணத் துறவியாக நின்று பாடினார். படம் வந்த 1964இல் இரு கட்சிகளும் எதிரெதிர் முகாம்கள். ஆனாலும் அந்த அழைப்பும் அந்த ஒப்புதலும் நடந்தன. இன்று அப்படி ஓர் அழைப்பு போனால், படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே இரு பக்கத்துத் தொண்டர்களும் கைப்பேசியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

இதற்கிடையே சினிமாவில் ஒரு பெரிய பிரிவு நடந்து முடிந்திருந்தது. 1938இல் ஏ.வி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் நடித்தவருக்குப் பதில் வேறொருவர் பாடிய முறை வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதுவே வழக்கமாயிற்று. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பாடத் தெரியாத நல்ல நடிகைகளுக்குக் கதவு திறந்தது. பத்மினியும் சாவித்திரியும் வந்தது அந்தக் கதவு வழியாக. நடிக்க வாய்ப்பில்லாத நல்ல பாடகிகளுக்கும் திறந்தது, பி.சுசீலாவும் எஸ்.ஜானகியும் வந்தார்கள். லாபம் இருபக்கமும். பாடியே நடித்துப் பழகியவர்கள் மட்டும் நடுவில் நின்றார்கள். ஒரே தொண்டையில் வசனம் பாட்டாகி, பாட்டு வசனமாகும் அந்த வித்தைக்கு வேலை போயிற்று.

சுந்தராம்பாளுக்கு யாரும் பின்னணி பாடியதில்லை. ஆனால் 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 'துணைவன்' படத்துக்காக, அவருக்குக் கிடைத்தது. பெண்களுக்கான அந்த விருதை முதலில் பெற்றவர் பி.சுசீலா, அடுத்தவர் இவர். முன்னணியில் நின்று பாடியவருக்குக் கொடுக்க அரசிடம் வேறு பெயரில் விருது இல்லை. அவருக்குப் பின் தமிழ்ப் பாட்டுக்காக அதைப் பெற்ற வாணி ஜெயராம், சித்ரா, சுவர்ணலதா, பவதாரிணி எல்லோரும் திரைக்குப் பின்னிருந்த குரல்கள். அந்த வகையில் பட்டியலில் அவர் ஒரு விதிவிலக்கு. 1970இல் பத்மஸ்ரீ. கொடுமுடியில் சொந்தமாக ஒரு திரையரங்கும் கட்டினார். 1980 செப்டம்பரில், 71 வயதில், வெள்ளைச் சேலையிலேயே வாழ்ந்து முடித்தார்.

தைப்பூசத்துக்கும் சஷ்டிக்கும் முருகன் கோயில் ஒலிபெருக்கிகளில் அவர் குரல் இன்றும் கேட்கிறது. மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குப் போன குரல் இப்போது ஊரின் கடைசித் தெருவுக்கும் போகிறது. போடுகிறவர் ஒலியை எவ்வளவு கூட்டினாலும் சொல் கலங்குவதில்லை.

அவர் விட்டுவந்த மேடை முடிந்துபோகவில்லை என்பது பட்டணத்து வாசகர்களில் பலருக்குத் தெரியாது. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகம் இன்னும் நடக்கிறது. 'வள்ளி திருமணம்'தான் இன்றும் அதிகம் கேட்கப்படுவது. இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும்வரை போகும். ஒத்திகை இன்றும் கிடையாது. ஆர்மோனியம், மிருதங்கத்தோடு ஆல்ரவுண்ட் என்னும் தாளவாத்தியத் தொகுப்பும் சேர்ந்திருக்கிறது. காஸ் விளக்கு போய்க் குழல்விளக்கும் வண்ண விளக்கும் வந்திருக்கின்றன. மேடை நடுவே மைக் நிற்கிறது, நடிகர்கள் அதை விட்டு அதிகம் நகர முடியாது. படம் போட்ட நாடக நோட்டீஸ் பிளெக்ஸாகவும் வாட்ஸ்அப்பாகவும் மாறியிருக்கிறது. முழு நாடகத்தையும் யூடியூபில் பார்க்கலாம். கடைசி வரிசைக்கு இப்போது எல்லையே இல்லை.

ஸ்திரீபார்ட்டை இன்று பெண்களே போடுகிறார்கள். அவர்களின் நிலைதான் சுந்தராம்பாளின் காலத்திலிருந்து மிகக் குறைவாக மாறியது. 1990களில் மதுரையில் தங்கி இவர்களை ஆராய்ந்த மானுடவியலாளர் சூசன் சைசர், வெளியூர் நாடகத்துக்குப் போகும் நடிகை தான் நடிகை என்று தெரியாமலிருக்க எடுத்துக்கொள்ளும் கவனங்களை விரிவாக எழுதியிருக்கிறார்: யாரோடு போவது, பஸ்ஸில் எங்கே உட்காருவது, யாரிடம் பேசாமலிருப்பது. சினிமா நடிகையைக் கல்லூரி விழாவுக்குத் தலைமை தாங்க அழைக்கும் ஊரில்தான் இது. பெரிய திரை அந்தப் பழியைத் தன் முகத்திலிருந்து துடைத்துக்கொண்டது. துடைத்தது சிறிய மேடையில் தங்கிவிட்டது. லட்ச ரூபாய் வாங்கியவரும் மேலவைக்குப் போனவரும் ஒருவர்தான். அவரோடு அதே மேடைகளில் பாடிய மற்ற ஸ்திரீபார்ட்டுகளின் பெயர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் அரிது.

பருவம் தையில் தொடங்கி ஆடிவரை. 2020இலும் 2021இலும் கொரோனாவால் திருவிழாக்கள் நின்று, ஆண்டு வருமானம் முழுதும் வரவேண்டிய அந்த மாதங்கள் இரண்டு முறை வெறுமையாகப் போயின. வயதான பிறகு தர்க்கத்தில் விடிய விடிய நிற்க முடியாது, அழைப்பு குறையும். தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் மூலம் நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களில் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நின்றவர்கள் இருக்கிறார்கள்.